‘பிலீவ்’ ஹிட் ஆன கதை: ஒரு டான்ஸ்-பாப் பாட்டுக்குள் எத்தனை கைகள்

“நண்பனும் நானும் சேர்ந்து ஒரு டான்ஸ்-பாப் டிராக் போட்டு வைத்திருக்கிறோம். இந்த மாதிரிப் பாட்டு ஹிட் ஆவதற்கு ஃபார்முலா ஏதாவது உண்டா? இல்லை, பெரிய கம்பெனி பணத்தைக் கொட்டினால்தான் நடக்குமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பணம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் பணம் வாங்கித் தருவது முதல் வாரத்தைத்தான். அதற்குப் பிறகு பாட்டு நிற்பதும் விழுவதும் வேறு கணக்கு. ஃபார்முலா என்று எதையும் என்னால் கொடுக்க முடியாது. ஆனால் இந்த வகையில் பெரிதாக ஓடிய பாட்டுகளின் பின்கதையைத் தேடிப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். முதலில் எழுதிய வடிவத்திலேயே ஹிட் ஆனவை குறைவு. பாதி நன்றாக இருந்த ஒன்றை யாரோ எடுத்து, “இந்த இடத்தைத் தொடாதே, மற்றதையெல்லாம் மாற்று” என்று சொல்லியிருப்பார். இன்னொருவர் மாற்றியிருப்பார். மாற்றியதும் சரிவராமல் மறுபடி முதலிலிருந்து செய்திருப்பார்கள். அந்தப் பொறுமைதான் ஹிட்டின் பெரும்பகுதி என்பது என் எண்ணம். அதைக் காட்ட அமெரிக்கப் பாடகி ஷேரின் ‘பிலீவ்’ பாட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1998இல் ஷேரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். 1965இல் கணவர் சானி போனோவோடு சேர்ந்து பாடி முதலிடம் பிடித்தவர். 70களில் தனியாகவும் பல ஹிட். நடிப்புக்காக ஆஸ்கரும் வாங்கியாகிவிட்டது. ஆனால் அமெரிக்கப் பட்டியலில் அவர் கடைசியாக முதலிடத்தில் இருந்தது 1974இல். வயது 52. பாப் வானொலிக்காரர்கள் அந்த வயதுப் பாடகியின் புதுப் பாட்டைக் கேட்டுப் பார்க்கக்கூட யோசிப்பார்கள். பிரிட்டனில் வார்னர் மியூசிக்கின் தலைவராக இருந்த ராப் டிக்கின்ஸுக்கு அப்போது ஒரு யோசனை. ஷேரை எந்தக் காலத்திலும் கைவிடாத ரசிகர்கள் ஓரினச் சேர்க்கையாளர்கள் கூடும் டான்ஸ் கிளப்களில் இருந்தார்கள். அவர்களுக்கென்றே ஒரு டான்ஸ் ஆல்பம் போடுவோம் என்றார். ஷேருக்கு முதலில் அதில் பெரிய இஷ்டமில்லை. டான்ஸ் மியூசிக்கில் இப்போதெல்லாம் பாட்டு என்று ஒன்று எங்கே இருக்கிறது என்பது அவருடைய குறை. அந்தக் குறையில் நியாயம் உண்டு. பின்னால் வந்த பாட்டு நன்றாக அமைந்ததற்கு அந்தத் தயக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பிரையன் ஹிக்கின்ஸும் அவருடைய கூட்டாளிகளும் எழுதிய ஒரு டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, எடுப்பார் இல்லாமல் கம்பெனிகளைச் சுற்றிக்கொண்டிருந்தது. கேட்ட எல்லோருக்கும் பல்லவி பிடித்தது. சரணம் யாருக்கும் பிடிக்கவில்லை. டிக்கின்ஸ் அதைத் தூக்கிப் போடவில்லை. ஷேருக்காக வேறு பாட்டுகள் செய்துகொண்டிருந்த மெட்ரோ என்ற தயாரிப்புக் குழுவிடம் கொடுத்து, பல்லவியை வைத்துக்கொண்டு மற்றதைச் சரிசெய்யச் சொன்னார். அங்கே ஸ்டீவ் டார்ச், பால் பாரி என்ற இரண்டு எழுத்தாளர்கள் சரணத்தைப் புதிதாக எழுதினார்கள். கடைசியில் பாட்டின் கீழே ஆறு எழுத்தாளர்களின் பெயர் வந்தது. ‘ஆறு பேர் சேர்ந்தா நாலு வரி எழுதினார்கள்?’ என்று சிலர் கேலி செய்வார்கள். ஆறு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து எழுதவில்லை. ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் எடுத்துச் செய்த வேலை அது.

ஏழாவது ஆளும் உண்டு, பெயர்தான் பட்டியலில் இல்லை. இரண்டாம் சரணமும் முதல் சரணம் போலவே அழுதுகொண்டிருப்பது ஷேருக்குப் பிடிக்கவில்லை. காதலன் விட்டுப் போன பெண் ஒரு சரணம் வரைக்கும் அழலாம், அதற்கு மேல் கூடாது என்பது அவர் கணக்கு. குளியல் தொட்டியில் இருந்தபடி பாடிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த இடத்துக்கு இரண்டு வரியை அவரே மாற்றினாராம். மாற்றிய பிறகு அந்தப் பெண் நிதானமாக யோசித்து, அவன்தான் தனக்கு ஈடில்லை என்ற முடிவுக்கு வருகிறாள். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் டான்ஸ்-பாப்புக்கு இதுதான் உயிர்நாடி. வரியில் துக்கம், பீட்டில் கொண்டாட்டம் என்ற முரண் இந்த வகையில் நிறையப் பாட்டுகளில் உண்டு. அதில் துக்கம் கொஞ்சம் கூடினாலும் ஆடுகிறவன் கால் நின்றுவிடும். அந்த இரண்டு வரி வரும் இடத்தில்தான் பாட்டு ஆடுகிறவர்களின் பக்கம் சாய்கிறது.

இனி ஒலிப்பதிவு. மெட்ரோவின் மார்க் டெய்லரும் பிரையன் ராலிங்கும் லண்டனின் மேற்கே இருந்த தங்கள் ட்ரீம்ஹவுஸ் ஸ்டுடியோவில் வேலை செய்தார்கள். பிரமாண்டமான இடமில்லை. ஒரு மேக் கம்ப்யூட்டர், அதில் கியூபேஸ் என்ற இசைப்பதிவு மென்பொருள், இரண்டு மூன்று சிந்தசைசர், டிஜிட்டல் டேப் ரெக்கார்டர்கள். டெய்லர் முதலில் செய்த வடிவம் கிளப்புக்கே உரிய முரட்டு டான்ஸ் டிராக்காக வந்தது. அவருக்கே திருப்தியில்லை. முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். கிளப்பில் அதிர வேண்டும், வீட்டில் சின்ன ரேடியோவில் கேட்டாலும் பாட்டாக இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் பிடிப்பதுதான் சிக்கல். கிக் டிரம்மில் அடிப்பகுதி கூடினால் சின்ன ஸ்பீக்கரில் ஒன்றுமே கேட்காது. மேல்பகுதி கூடினால் கிளப்பில் நெஞ்சில் இடிக்காது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ‘பிலீவ்’ பாட்டின் முதல் நிமிடத்தைக் கேட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 133 அடி என்ற வேகத்தில், நாலு தாளத்துக்கு நாலு கிக் விழுகிறது. அதன் மேல் சிந்தசைசர் மெத்தையாகப் பரவுகிறது. பீட் வேகமானது, ஆனால் ஷேர் அவசரப்படாமல் பெரிய பெரிய சுரமாக நீட்டிப் பாடுகிறார். கால் ஒரு வேகத்திலும் மனம் இன்னொரு வேகத்திலும் போகும்.

பிறகு, எல்லோரும் பேசும் அந்தக் குரல். ஆண்டி ஹில்டெப்ராண்ட் என்பவர் எண்ணெய் தேடும் துறையில், பூமிக்குள் அனுப்பிய அதிர்வு திரும்பி வருவதைக் கணக்கிட்டு ஆராய்ந்துகொண்டிருந்த விஞ்ஞானி. அந்தக் கணிதத்தை வைத்தே சுருதி விலகும் குரலைச் சரிசெய்யும் ஆட்டோட்யூன் மென்பொருளை 1997இல் வெளியிட்டார். அதில் ஒரு அளவு உண்டு: விலகிய சுரத்தை எவ்வளவு வேகமாக இழுத்துச் சரியான இடத்தில் வைக்க வேண்டும் என்பது. மெதுவாக வைத்தால் திருத்தம் நடந்ததே தெரியாது. பூஜ்யத்தில் வைத்தால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் பாதையே இல்லாமல் போய்விடும். கமகத்தை வெட்டி எடுத்துவிட்டுச் சுரங்களை மட்டும் அடுக்கிய மாதிரி, குரல் படிக்கட்டில் ஏறி இறங்கும். டெய்லர் அப்படித்தான் வைத்தார். ஷேருக்குச் சுருதி தப்பியதால் செய்த வேலை இல்லை இது. அவர் குரலுக்கு அந்தத் திருத்தம் தேவையே இல்லை.

அதைப் பாட்டு முழுக்கப் பூசவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் சரணத்தில், எவ்வளவு முயன்றும் உன் பக்கம் வரமுடியவில்லை என்று அந்தப் பெண் சொல்லும் சொற்களின் மேல் அது முதல் தடவை வருகிறது. உடைத்துக்கொண்டு வரமுடியாத அந்தச் சொற்கள், கண்ணாடிக்குப் பின்னால் சிக்கிய குரலில் ஒலிக்கின்றன. பல்லவியில் ஷேர் தன் முழுக் குரலோடு பாடுகிறார். சும்மா ஒரு வித்தைக்காக எல்லா இடத்திலும் போட்டிருந்தால் இரண்டாம் தடவையே சலித்திருக்கும். இப்போது வருகிற எத்தனையோ பாட்டுகளில் சலிப்பதும் அதனால்தான்.

கம்பெனித் தலைவர் டிக்கின்ஸுக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை, எடுத்துவிடச் சொன்னார். என் பிணத்தைத் தாண்டித்தான் அதை எடுக்க முடியும் என்ற பொருளில் ஷேர் மறுத்துவிட்டார். பல்லவியின் மதிப்பைக் கண்டுபிடித்த அதே மனிதருக்கு இது தெரியவில்லை. நல்ல காது உள்ளவர்களுக்கும் எல்லாம் காதில் விழுந்துவிடாது. அதனால்தான் இந்த வேலைக்குப் பல காதுகள் தேவைப்படுகின்றன. தயாரிப்பாளர்கள் அந்த ரகசியத்தைப் பொத்திவைத்தார்கள். 1999 தொடக்கத்தில் ‘சவுண்ட் ஆன் சவுண்ட்’ என்ற தொழில்நுட்ப இதழ் அவர்களைப் பேட்டி எடுத்தபோது, குரலை இயந்திர ஒலிபோல மாற்றும் வோகோடர் வகைக் கருவி ஒன்றில் செய்தோம் என்று சொல்லிவிட்டார்கள். உண்மை பிறகுதான் வெளியே வந்தது.

இதுவரை சொன்னது பாட்டு உருவான கதை. உருவான பாட்டு மக்களிடம் போவது தனிக் கதை. டான்ஸ்-பாப்புக்கு மற்ற வகைப் பாட்டுகளுக்கு இல்லாத ஒரு வாசல் உண்டு, அதுதான் கிளப். 1970களின் நடுவில் நியூயார்க்கில் மிக்ஸ் செய்துகொண்டிருந்த டாம் மவுல்டனின் பாட்டு ஒன்றைச் சோதனை இசைத்தட்டில் வெட்டப் போனபோது, வழக்கமான 7 அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோயிருந்தது. இருந்த பெரிய தட்டில் வெட்டினார்கள். இடம் தாராளமாக இருந்ததால் பள்ளங்களை அகலமாக வைத்து, சத்தத்தையும் கூட்டி வெட்ட முடிந்தது. கேட்டபோது பேஸ் அப்படி ஒலித்தது! 12 அங்குல டான்ஸ் சிங்கிள், அதாவது ஒரு பாட்டுக்கென்றே வரும் தனித் தட்டு, அங்கிருந்து வளர்ந்தது, 1976 முதல் கடைகளிலும் விற்பனைக்கு வந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில், 1975இல், டேவிட் மன்குசோ என்ற டிஜே தன் சகாக்களோடு சேர்ந்து ‘ரெக்கார்ட் பூல்’ ஒன்றைத் தொடங்கினார். கம்பெனிகள் புதுத் தட்டுகளை அங்கே இலவசமாகக் கொடுக்கும், டிஜேக்கள் எடுத்துப் போய் இரவில் போட்டுப் பார்ப்பார்கள், தளம் நிறைந்ததா காலியானதா என்று திரும்பச் சொல்வார்கள். வானொலிக்குப் போகும் முன்பே ஒரு பாட்டுக்குக் கிடைக்கும் பரீட்சை இது.

‘பிலீவ்’ பாட்டுக்கும் அதையே செய்தார்கள். ரீமிக்ஸ்கள் பல. அவற்றில் ‘கிளப் 69’ என்ற பெயரில் பீட்டர் ராவ்ஹோஃபர் செய்தது கிளப்களில் தனியாகவே ஓடியது. ஆண்டின் சிறந்த ரீமிக்ஸருக்கான கிராமி அவருக்கு 2000இல் கிடைத்தது. கிளப் ரீமிக்ஸ் என்றால் பாட்டை இழுத்து நீட்டுவது என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஒரு டிஜே இன்னொரு பாட்டோடு ஒட்டிப் போட வசதியாகச் செய்யப்படும் வேலை. தொடக்கத்திலும் முடிவிலும் பீட் மட்டும் சில வரிசைகள் ஓடும், குரல் தாமதமாக வரும், நடுவில் பீட்டை எடுத்துவிட்டு மறுபடி இறக்குவார்கள். டிஜேவுக்கு வசதியில்லாத பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பையிலேயே கிடக்கும்.

1998 அக்டோபரில் பிரிட்டனில் சிங்கிள் வெளிவந்தது, வந்த வாரமே முதலிடம். அந்தக் காலத்தில் அங்கே கடைக்கு வருவதற்குப் பல வாரம் முன்பே பாட்டு வானொலிக்குப் போய்விடும். கேட்டுக் கேட்டு ஆவல் ஏறியவர்கள் முதல் வாரமே விலைக்குறைப்பில் வாங்கிவிடுவார்கள். ஆகவே நேராக முதலிடத்தில் நுழைவது அப்போது அதிசயமில்லை, அதைப் பணமும் திட்டமும் செய்துவிடும். அப்படி வந்த பாட்டுகள் ஒன்றிரண்டு வாரத்தில் சரிவதும் வாடிக்கை. ‘பிலீவ்’ 7 வாரம் இறங்கவேயில்லை. அந்த ஆண்டின் மிக அதிகம் விற்ற சிங்கிளும் அதுதான். முதல் வாரத்துக்குப் பிறகு வந்த ஆறு வாரத்தை எந்த விளம்பரமும் வாங்கித் தந்திருக்காது.

அமெரிக்காவில் பயணம் மெதுவானது. 1998 கடைசியில் நுழைந்து, 1999 மார்ச்சில்தான் பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் முதலிடம், 4 வாரம். கிளப் பட்டியலில் ஏற்கெனவே முதலிடம் பிடித்திருந்ததால் வானொலி நிலையங்களால் ஒதுக்க முடியவில்லை. 1999 ஆண்டுப் பட்டியலிலும் அதுதான் முதல் பாட்டு. 1974க்குப் பிறகு 25 ஆண்டு இடைவெளி. அதற்கு முன் அந்த வயதில் எந்தப் பெண் பாடகியும் அந்த இடத்தில் இருந்ததில்லை. சிறந்த டான்ஸ் ஒலிப்பதிவுக்கான கிராமியும் வந்தது.

‘ஷேர் ஏற்கெனவே பெரிய நட்சத்திரம், பின்னால் வார்னர் கம்பெனி இருந்தது, எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?’ என்று கேட்பீர்கள். சரி, 1982இல் மடோனாவுக்கு யாருமில்லை. நியூயார்க்கின் டான்ஸ்டீரியா கிளப்பில் ஆடப் போவார். அங்கே டிஜேயாக இருந்த மார்க் காமின்ஸிடம் ஒரு டெமோ டேப்பைக் கொடுத்தார், அவர் அதை அங்கேயே போட்டுப் பார்த்து, ஆட்டம் நிற்கவில்லை என்று கண்டதும் சைர் கம்பெனிக்கு அழைத்துப் போனார். முதல் சிங்கிள் ஹாட் 100க்குள் நுழையக்கூட இல்லை, கிளப் பட்டியலில் மட்டும் ஏறியது. அடுத்த ஆண்டு வந்த ‘ஹாலிடே’தான் அவரைப் பாப் பட்டியலில் 16ஆம் இடம் வரை கொண்டுபோனது. கர்ட்டிஸ் ஹட்சனும் லிசா ஸ்டீவன்ஸும் எழுதிய அந்தப் பாட்டை அதற்கு முன் வேறு பாடகிகள் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். தயாரித்த ஜெல்லிபீன் பெனிட்டஸும் ஒரு கிளப் டிஜேதான், தளத்தில் நிற்பவர்களைத் தினமும் பார்த்த ஆள்.

இன்னும் தெளிவான உதாரணம் வேண்டுமென்றால் ‘எவ்ரிதிங் பட் த கேர்ள்’ இரட்டையரின் ‘மிஸ்ஸிங்’. 1994இல் கிட்டாரும் மென்மையான குரலுமாக வந்து பிரிட்டனில் 69ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. டாட் டெர்ரி அந்தக் குரலைக் கிட்டத்தட்டத் தொடாமல், கீழே ‘ஹவுஸ்’ என்ற கிளப் இசை வகையின் பீட்டை மட்டும் போட்டார். அந்த வடிவம் கிளப்களில் பரவி, 1995இல் பிரிட்டனில் 3ஆம் இடம், அடுத்த ஆண்டு அமெரிக்காவில் 2ஆம் இடம், மொத்தம் 55 வாரம் பட்டியலில். அதே மெட்டு, அதே வரி, அதே குரல். கால் வைக்க ஓர் இடம் கொடுத்ததுதான் வித்தியாசம். ‘மகரேனா’வும் அப்படித்தான்: ஸ்பெயினின் இரண்டு நடுவயதுக்காரர்கள் பாடிய பாட்டு. மயாமி வானொலி ஒன்றுக்காக ‘பேசைடு பாய்ஸ்’ என்ற ரீமிக்ஸ் குழு ஆங்கில வரிகளைச் சேர்த்துச் செய்த ரீமிக்ஸ்தான் 1996இல் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது.

இன்று ரெக்கார்ட் பூலின் வேலையில் பாதியைப் போனில் பார்க்கும் குறுங்காணொளி செய்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. அதனால் நீண்ட முன்னிசை குறைந்துவிட்டது, பல்லவி சீக்கிரம் வந்துவிடுகிறது. ரசிகர்கள் வேகம் கூட்டிப் போடும் வடிவங்களைக் கம்பெனிகளே அதிகாரபூர்வமாக வெளியிடுகின்றன. கருவி மாறினாலும் வேலை அதேதான்: வேறொருவர் எடுத்துத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளும்போது பாட்டு நகர்கிறது.

உங்கள் டிராக்கைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அதில் கேட்டவர்கள் எல்லோரும் மறுபடி முணுமுணுக்கும் இடம் எது என்று பாருங்கள். உங்களுக்குப் பிடித்த இடத்தை விடுங்கள், அவர்கள் வாயில் வரும் இடத்தைப் பாருங்கள். அது மட்டும் இருக்கட்டும், மற்ற எல்லாவற்றையும் மாற்றத் தயாராக இருங்கள், தேவைப்பட்டால் வேறு ஒருவரைக்கொண்டு எழுத வையுங்கள், பெயரையும் பங்கையும் முன்கூட்டியே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரிலும் பெரிய ஸ்பீக்கரிலும் ஒரே நாளில் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் பீட் ஓடும் ஒரு நீண்ட வடிவத்தைத் தனியாக மிக்ஸ் செய்து, உங்கள் ஊரில் கல்யாணத்துக்கோ கல்லூரி விழாவுக்கோ வாசிக்கும் டிஜேக்களிடம் கொடுங்கள். குரலை மட்டும் தனி ஃபைலாகவும் கேட்பவர்களுக்குக் கொடுங்கள், டாட் டெர்ரி மாதிரி ஒருவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. போடும் இரவில் நீங்களும் போய் ஓரமாக நின்று, எந்த இடத்தில் ஆட்கள் தண்ணீர் குடிக்க விலகுகிறார்கள் என்று பாருங்கள். அடுத்து மாற்ற வேண்டிய இடம் அதுதான்.